பிபிலை வரைக்கும் வராத குளிர்

பிபிலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் காரை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் தூக்கியபோது, நான் செய்து கொண்டுவந்திருந்த மூன்றடுக்குக் கேக்கின் மேலடுக்கு சரிந்து, பெட்டியின் அட்டையில் சாய்ந்திருந்தது. பட்டர் ஐசிங்கில் வைத்திருந்த ரோஜாக்கள், தண்ணீரில் கிடந்த சோப்புத் துண்டுகளைப் போல இதழ் தெரியாமல் மழுங்கிப்போயிருந்தன.

நான் கேக்கைத் தொடவில்லை. காரின் முன்பக்கம் ஓடிப்போய், காற்று வரும் ஓட்டைக்கு முன்னால் கையை நீட்டினேன். காற்று பலமாகத்தான் வந்தது. அது ஏசிக் காற்றா, வெறும் காற்றா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது. என் கை வியர்த்திருந்தது. வியர்த்த கையில் எந்தக் காற்றுப் பட்டாலும் குளிரத்தானே செய்யும்.

இதை இப்போது சொன்னாலும் ஆட்கள் நம்புவதில்லை. குளிரும் சூடும் தெரியாத ஒருத்தியா என்று கேட்கிறார்கள். நான் குளிர்ந்த மலைநாட்டில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகிப் பசறை டவுனுக்கு வந்தவள். எங்கள் வீட்டில் ஒரு மின்விசிறி இருக்கிறது. அதைப் போடுகிற நாட்கள் குறைவு. கேக் கொண்டுபோவதற்கென்றுதான் கார் வாங்கினோம். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்ற சின்னக் கார். மழை நாளில் கண்ணாடியில் ஆவி பிடித்தால் ஏசியைப் போடுவேன். ஆவி போனதும் அணைத்துவிடுவேன். அந்தப் பொத்தானோடு எனக்கு அவ்வளவுதான் பழக்கம். பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் கேக் கொண்டுபோவதற்கு அது தேவைப்படவே இல்லை. லுணுகலையைத் தாண்டி, வளைந்து வளைந்து கீழே இறங்கி, பிபிலை மாதிரி ஒரு வெப்ப ஊருக்கு நான் கொண்டுபோன முதல் பெரிய கேக் இதுதான்.

மண்டபத்தை நடத்துகிற அம்மா வெளியே வந்தார். உயரமான, வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பெண்மணி. பெட்டியை எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நங்கி, முதல்ல உள்ளே கொண்டு வாங்க," என்று சிங்களத்தில் சொன்னார். 'நங்கி' என்றால் தங்கச்சி. "பெரிய ஃபிரிட்ஜ் இருக்கு. கொஞ்ச நேரம் வச்சு எடுத்துச் சரி பண்ணுங்க. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வர இன்னும் நேரம் இருக்கு."

மேலடுக்கைத் தனியாக எடுத்துக் குளிரவைத்தேன். ஐசிங் இறுகியதும் கத்தியால் வழித்து மட்டம் பண்ணினேன். ரோஜாக்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண்டபத்து அலங்காரத்துக்கு வந்திருந்த நிஜப் பூக்களில் சிலவற்றை வாங்கி வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியும். நான் புறப்படும்போது மெதுவாகச் சொன்னார்:

"உங்க ஐசிங் நல்ல ருசி. ஆனா மலைநாட்டு ஐசிங். எங்க ஊரு சூட்டைத் தாங்காது போல."

திரும்பும்போது அந்தப் பேச்சுதான் காதில் இருந்தது. அப்படியென்றால் பிழை காரில் இல்லையா, என் கையிலா? லுணுகலைக்கு ஏறும் வளைவுகளில் வந்துகொண்டிருந்தபோது திடீரென்று முழங்காலில் சில்லென்று ஏதோ பட்டது. ஓட்டையில் கையை வைத்தேன். ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரிக் குளிர் வந்தது. பிபிலையில் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேனா, அது எப்போது குளிரத் தொடங்கியது, ஒன்றும் ஞாபகமில்லை. பசறைக்கு வந்து சேரும்போது எனக்கு நடுக்கமே வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அவர் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் எலக்ட்ரீசியன். கொழுந்தை வாட்டுகிற மாடியில் பெரிய பெரிய விசிறிகள் ஓடும். அவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காற்று என்று எதைச் சொன்னாலும் அது தன்னுடைய இலாகா என்று நினைப்பவர். நடந்ததைச் சொன்னதும் கார் ஜன்னலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தானே வருது."

"இங்க நல்லா வருதுங்க. அங்க வரல."

"அங்க சூடு, இங்க குளிரு. அது ஊரோட கணக்கு. காருக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அன்றைக்கு யார் எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குச் சரியாகத்தான் பட்டிருக்கும்.

முதலில் ஐசிங்கை மாற்றினேன். பட்டரைக் குறைத்து வெஜிடபிள் கொழுப்பைக் கூட்டினேன். அது வெயிலில் நின்றது, வாயில் கரையவில்லை. அந்த ஐசிங்கைப் போட்டுப் பசறையிலேயே ஒரு பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். அடுத்த நாள் அந்த வீட்டுப் பெண் கடைத்தெருவில் என்னைக் கண்டு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, இந்தத் தடவ மெழுகுவத்திய கடிச்ச மாதிரி இருந்துச்சு," என்றாள். கோபம் வரவில்லை. அவள் சொன்னது உண்மைதான். நானும் வீட்டில் தின்று பார்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு பிபிலைப் பக்கம் ஒரு சின்னக் கேக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பழைய ஐசிங்கையே போட்டேன். ஏசியைப் பசறையிலேயே போட்டுவிட்டு, வழி நெடுக ஓட்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். லுணுகலை வரைக்கும் குளிர். அதற்குக் கீழே கொஞ்ச தூரம் குளிர். பிறகு எங்கேயோ குளிர் போய்விட்டது. எங்கே போனது என்று பிடிக்க முடியவில்லை. தூக்கம் வருவது மாதிரிதான், வந்த பிறகுதான் தெரிகிறது. கேக் சின்னது என்பதால் தப்பித்தது. திரும்பி மேலே ஏறும்போது பாதி வழியில் மறுபடியும் குளிர் வந்துவிட்டது.

இறங்கினால் கெட்டுப்போகிறது, ஏறினால் தானே சுகமாகிவிடுகிறது. இப்படியொரு வியாதியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது?

பதுளையில் கார் ஏசி மட்டும் பார்க்கிற கராஜ் ஒன்று இருந்தது. அதை நடத்துகிறவர் ஐம்பது வயதுக்காரர், முஸ்லிம் ஆள். எல்லாரும் அவரை 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். காரைக் கொண்டுபோய் நிறுத்திக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டுக் கையை வைத்தார்.

"தங்கச்சி, இது குளிருதே."

"இங்க குளிரும் நானா. பிபிலையிலதான் குளிராது."

"நான் பிபிலையில இருந்து பார்க்க ஏலாதே. சரி, கேஸ் கொறைஞ்சிருக்கும். கொஞ்சமாக் கொறைஞ்சா மேல தெரியாது, கீழ சூட்டுக்குப் போனாத்தான் தெரியும்."

இது நியாயமாக இருந்தது. முள் வைத்த இரண்டு மீட்டர்களைக் குழாயில் மாட்டிப் பார்த்தார். கேஸ் கொஞ்சம் குறைவுதான் என்றார். பழைய கேஸை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினார். காருக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு விரல் மரத்துப்போகிற அளவுக்குக் குளிர் வந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த முறை பிபிலைக்குப் போனபோது லுணுகலைக்குக் கீழே அதே கதை.

திரும்பக் கொண்டுபோனேன். நானா உள்ளே காற்று வடிகட்டும் அட்டையைக் கழற்றிப் பார்த்தார். அது தூசியும் காய்ந்த இலையுமாக இருந்தது. மாற்றினார். முன்னால் ரேடியேட்டரோடு சேர்ந்த பகுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். விசிறி ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது. எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்:

"கோவிக்க வேணாம் தங்கச்சி. ஒருவேள கேக்குல கோளாறு இருக்குமோ?"

எனக்கே அந்தச் சந்தேகம் போகவில்லை. மண்டபத்து அம்மாவுக்கு ஐசிங், வீட்டுக்காரருக்கு ஊர், ஏசிக்காரருக்குக் கேக். காரைச் சந்தேகப்பட்டது நான் ஒருத்திதான். நானும் பாதி நாள்தான் சந்தேகப்பட்டேன்.

வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கேக்கை யாராவது குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது; அவர் மட்டும் சொல்லலாம். பொனட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியை ஆராய்ந்தார். கரண்டைக் கொடுத்து நிறுத்துகிற ரிலேக்களில் ஏசிக்கானதும் ஹார்னுக்கானதும் ஒரே அளவு என்று கண்டுபிடித்து, இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்.

"இது சூட்டுல வேலை செய்யாம போகும். ஃபாக்டரில நான் பார்த்திருக்கேன். இப்ப பாரு, ஏசி நிக்காது. நின்னா ஹார்ன்தான் நிக்கும்."

ஒரு நாள் அவரே காரை எடுத்துக்கொண்டு பிபிலைக்குப் போய்வந்தார். போக வர எங்கேயும் குளிர் குறையவே இல்லை என்றார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி. இரண்டு நாள் கழித்து நான் போனேன். லுணுகலைக்குக் கீழே காற்று வெதுவெதுவென்று வந்தது. கோபத்தில் ஹார்னை அழுத்தினேன். அது நன்றாகவே அடித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் நெடுநேரம் என்னையே பார்த்தார்.

"நான் ஓட்டுனா குளிருது. நீ ஓட்டுனா குளிரல."

"அப்ப கோளாறு என்கிட்டயா?"

"நான் அப்படிச் சொல்லல."

அவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் அன்றைக்குச் சமையலறையில் நின்று யோசித்தபோது அழுகை வந்தது. ஒரு காருக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பிபிலை ஆர்டர்களே வேண்டாம், பண்டாரவளையோடு நிறுத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவோடு இருந்தபோதுதான் மண்டபத்து அம்மா போன் பண்ணினார். அவருடைய மகனுக்கு நிச்சயதார்த்தமாம். கேக் நான்தான் செய்ய வேண்டுமாம்.

நான் மறைக்காமல் சொன்னேன். "அம்மா, என் கார்ல ஏசி சரியில்ல. ஐசிங்கா காரான்னு எனக்கே இன்னும் தெரியல. வேற யாருகிட்டயாவது சொல்லுங்க."

"கண்டுபிடிச்சிட்டுச் சொல்லுங்க நங்கி. நாள் இருக்கு," என்றார்.

இவ்வளவு லேசாக அவர் சொன்னதைக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. பதுளைக்குப் போன் பண்ணினேன். "நானா, நீங்க என் கூட வண்டியில ஏறி லுணுகலைக்குக் கீழ வந்தாத்தான் இது முடியும்," என்றேன். கராஜைப் போட்டுவிட்டு வர முடியாது என்று முதலில் இழுத்தார். பிறகு, போயா என்கிற பௌர்ணமி லீவு நாளில் கராஜ் மூடியிருக்கும், அன்றைக்கு வருகிறேன் என்றார். அவருக்கும் அந்தக் கார் மனசை உறுத்திக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்.

போயா அன்றைக்கு மூன்று பேரும் புறப்பட்டோம். நான் ஓட்டினேன். நானா முன்னால் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பின்னால், கரண்ட் பார்க்கிற மீட்டரோடு. அவர் மடியில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதற்குள் பட்டர் ஐசிங்கில் சில ரோஜாக்கள் செய்து வைத்திருந்தேன். கேக் இளகுகிறதா என்பதற்குக் கேக்கே சாட்சி சொல்லட்டும் என்று நினைத்தேன். சாக்லேட் உருக்கும்போது சூடு பார்க்கிற, முள் வைத்த வெப்பமானியைக் காற்று வரும் ஓட்டையில் செருகி வைத்தேன். இனிமேல் என் கையை நம்புவதாக இல்லை.

பசறையைத் தாண்டினோம். முள் கீழேயே நின்றது. லுணுகலைக்குப் போனோம். அப்படியே நின்றது. கீழே இறங்கத் தொடங்கியதும் மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தோம். அது அசையவில்லை. வெளியே வெயில் ஏறியது, ரப்பர் மரங்கள் வந்தன. காருக்குள் குளிர் அப்படியே இருந்தது.

"பார்த்தீங்களா தங்கச்சி," என்றார் நானா. "நான் கேஸ் போட்ட பொறகு இதுல ஒரு குறையும் இல்ல."

"ரிலேய நான் மாத்துனேனே, அதச் சொல்லுங்க," என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

எனக்குத் தலை சுற்றியது. ஆட்கள் கூட வந்தால் குளிர்கிறது, நான் தனியாக வந்தால் குளிர்வதில்லை. இனி யாரிடம் போய் என்ன சொல்வேன்? ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் நான் எப்போதும் நிறுத்துகிற சின்னத் தேத்தண்ணிக் கடை வந்தது. பழக்கத்தில் கை தானாகவே காரை ஓரம் கட்டி நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டது.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

"இங்கதாங்க எப்பவும் நிப்பாட்டி, கேக் ஆடாம இருக்கான்னு பார்ப்பேன். அப்படியே ஒரு பிளேன் டீ குடிப்பேன்."

சரி, குடித்துவிட்டே போகலாம் என்று இறங்கினோம். கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே ஆண்கள் இருவரும் யார் சொன்னது சரி என்பதைத் தொடர்ந்து பேசினார்கள். நான் ரோஜாக்களைப் பார்த்தேன். நேராக நின்றன.

திரும்ப வந்து காரை எடுத்தேன். ஏசியைப் போட்டேன், காற்று வந்தது. கொஞ்ச தூரம் போனதும் வெப்பமானியின் முள் மெதுவாக ஏறத் தொடங்கியது. முள் ஏறிக்கொண்டே போனது. முதலில் வாயைத் திறந்தவர் என் வீட்டுக்காரர்.

"நீ ஒவ்வொரு தடவையும் அந்தக் கடையில நிப்பாட்டுவியா?"

"ஆமாங்க."

"நான் அன்னிக்கு எங்கயும் நிப்பாட்டல."

காரை ஓரத்தில் நிறுத்தினேன். இன்ஜினை மட்டும் ஓடவிட்டேன். நானா இறங்கிப் பொனட்டைத் திறந்தார். வீட்டுக்காரர் மீட்டரோடு போனார். நானும் போய் இருவர் தோளுக்கும் நடுவால் எட்டிப் பார்த்தேன். எனக்கு அங்கே தெரிந்ததெல்லாம் சுற்றுகிற ஒரு பெல்ட் மட்டும்தான்.

வீட்டுக்காரர் ஒரு வயரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "கரண்ட் வருது. முழுசா வருது." குரலில் ஏமாற்றம் இருந்தது. ரிலேயில் கோளாறு இல்லை என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.

நானா கம்ப்ரசரைக் காட்டினார். "இங்க பாருங்க. பெல்ட்டு சுத்துது, பெல்ட்டு ஓடுற சக்கரமும் சுத்துது. அதுக்கு முன்னால இருக்கிற இந்தத் தட்டு சுத்தல்ல. தட்டும் சேர்ந்து சுத்தினாத்தான் கம்ப்ரசர் ஓடும், குளிர் வரும்." பிறகு தானே தலையைச் சொறிந்தார். "கரண்டும் வருது, கேஸும் இருக்கு. தட்டு ஏன் சுத்தல்ல? எனக்கும் வெளங்குதில்ல."

மூன்று பேரும் அந்தச் சுற்றாத தட்டைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றோம். அவர்கள் இருவருக்கும் விளங்கவில்லை என்பது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. இத்தனை நாளாக விளங்காமல் தவித்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"கரண்டு வந்தா உள்ள காந்தம் இழுக்கும்ல?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஓ. காந்தம் இழுத்துத்தான் தட்டு சக்கரத்தோட ஒட்டும்."

"எங்க ஃபாக்டரில ஒரு சுவிட்சு இப்படித்தான். சூடானா காந்தத்துக்கு இழுக்கப் பலம் இருக்காது. ஆறினா இழுக்கும்."

நானா அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். ரோட்டோரம் இருந்த ஒரு பெட்டிக்கடைப் பக்கம் திரும்பி ஒரு விளக்குமாற்றுக் கம்பு கேட்டார். கடைக்காரர் எதற்கென்று கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பெல்ட்டில் படாமல் கம்பின் நுனியால் தட்டை லேசாகத் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஒரு கணம் திணறியது. தட்டு சுற்றத் தொடங்கியது.

நான் ஓடிப்போய் முள்ளைப் பார்த்தேன். அது இறங்கிக்கொண்டிருந்தது.

நானா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். தேய்ந்து தேய்ந்து அந்த இடைவெளி அகலமாகிவிட்டதாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஏசியைப் போட்டால் காந்தம் எப்படியோ எட்டி இழுத்துவிடும். ஒருமுறை ஒட்டிவிட்டால் அவ்வளவு லேசில் விடாது. நீண்ட தூரம் ஓடிச் சூடான காரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், சூட்டில் பலம் குறைந்த காந்தத்துக்கு அந்த இடைவெளி எட்டுவதில்லை. மேலே ஏறி ஊர் குளிர்ந்ததும் மறுபடியும் எட்டிவிடும். கராஜில் அது ஒருநாளும் அவ்வளவு சூடாகவில்லை.

அப்படியென்றால், கேக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் நிறுத்தியதுதான் கேக்கைக் கெடுத்திருக்கிறது. அந்தக் கடையில் நிற்காமல் போயிருந்தால் ரோஜாக்கள் பிழைத்திருக்கும். இதை நினைத்துச் சிரிப்பதா, வேறு என்ன செய்வதா என்று தெரியாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்து ஜன்னலில் குனிந்தார்.

"என்னா?"

"ஒண்ணுமில்லங்க."

"நீ ஓட்டுனா குளிரலன்னு சொன்னேன்ல. அது தப்பு. நீ நிப்பாட்டுனாத்தான் குளிரல."

அது அவர் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கராஜில் நானா அந்தத் தட்டைக் கழற்றினார். உள்ளே தண்டில், தாள் மாதிரி மெல்லிய வாஷர்கள் சில இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டால் தட்டு அந்த அளவுக்கு உள்ளே போகும், இடைவெளி குறையும் என்றார். எடுத்தார், மாட்டினார், அளந்தார், இடைவெளி ரொம்பக் குறைந்துபோய் உரசியது. அதைவிட மெல்லிய வேறொன்றை எடுத்து முன்னதைத் திரும்பப் போட்டார். இந்த முறை சரியாக வந்தது. எடுத்த வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். பாரமே தெரியவில்லை. இவ்வளவு மெல்லிய ஒன்றுக்காகவா ஐசிங்கை மாற்றி, கேஸை மாற்றி, ரிலேயை மாற்றி, ஊரையே குறை சொன்னோம்?

"இனி நிக்காதே நானா?"

"நிக்கக் கூடாது," என்றார். 'நிக்காது' என்று அவர் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தக் கேக்கைப் பழைய பட்டர் ஐசிங்கிலேயே செய்தேன். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். பாலத்துக் கடையில் நிறுத்துவதா, வேண்டாமா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். நிறுத்தாமல் போனால் கேக் நிச்சயமாகப் பிழைக்கும். நிறுத்தினால்தான் கார் சரியாகிவிட்டதா என்று தெரியும். கடை வந்தது. நான் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போய், "நிப்பாட்டிப் பார்த்திருக்கலாமோ?" என்றேன். "கேக்க எறக்கிட்டு வர்றப்ப நிப்பாட்டு," என்றார் அவர்.

மண்டபத்துப் பின்வாசலில் பெட்டியைத் திறந்தேன். மேலடுக்கு நேராக நின்றது. ரோஜாக்கள் வீட்டில் எப்படி வைத்தேனோ அப்படியே இருந்தன. நம்ப முடியாமல் ஒரு ரோஜாவை விரலால் தொட்டுப் பார்த்தேன். என் விரல் பதிந்து அந்த ஒரு ரோஜா மட்டும் கெட்டுப்போனது. அதைச் சரி செய்துகொண்டிருந்தபோது மண்டபத்து அம்மா வந்து என் கையைப் பிடித்தார்.

"ஐயோ நங்கி, கை ஏன் இப்படிக் குளிருது? காய்ச்சலா?"

"இல்லம்மா, கார்ல ஏசி."

"அப்ப ஐசிங் இல்லையா?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன்."

அவர் சிரித்தார். எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். மறுக்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது கார் வெயிலில் நின்று அடுப்பு மாதிரி ஆகியிருந்தது. ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டேன். இருவரும் காத்திருந்தோம். 'டக்' என்று சத்தம் வந்தது. சிறிது நேரத்தில் குளிர் வந்தது.

லுணுகலைக்கு ஏறும் வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் பல் கிட்டுகிற குளிர். வீட்டுக்காரர் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனி என்னாத்துக்கு? அணைச்சுடு."

பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"அணைச்சா, திரும்ப வருமான்னு தெரியலையேங்க."

அவர் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அதுவும் சரிதான். இருக்கட்டும்."

கேக்குக்கு விரித்திருந்த துணியைப் பின்னாலிருந்து எடுத்து, பாதியை என் மடியிலும் பாதியை அவர் மேலும் போர்த்திவிட்டார். மழையில் மெதுவாகப் பசறையை நோக்கி ஏறினோம்.